சோடியம் விளக்கில் காணாமல் போன மஞ்சள்

சோடியம் விளக்கின் ஒளியைப் பிரித்துப் பார்த்தால் சோடியத்தின் மஞ்சள் இருக்க வேண்டிய இடம் இருண்டு கிடக்கிறது. இதை முதலில் கவனித்தவள் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் என் அக்கா மகள். எங்கள் பக்கத்துத் தெருக்களில் எல்லாம் எல்இடி வந்துவிட்ட பிறகும் ரயில்வே கேட்டை ஒட்டிய கம்பத்தில் மட்டும் பழைய சோடியம் விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருக்கிறது. செருப்பு வாங்கி வந்த அட்டைப்பெட்டியின் ஒரு முனையில் சவர பிளேடுகள் இரண்டை மயிரிழை இடைவெளி விட்டு ஒட்டி, மறுமுனையில் பழைய டிவிடியிலிருந்து வெட்டிய துண்டு ஒன்றைச் சாய்த்து வைத்து, நிறமாலை பார்க்கும் பெட்டி ஒன்றை அவளுக்காகச் செய்திருந்தேன். சோடியம் மஞ்சள் ஒளியை உமிழும் என்று புத்தகத்தில் படித்ததைக் கண்ணால் பார்க்கட்டும் என்பதுதான் நோக்கம். பெட்டியைக் கண்ணில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தவள், “மாமா, மஞ்சள் வர்ற இடத்துல கறுப்பா கோடு விழுந்திருக்கு, உங்க பெட்டி சரியில்லை” என்றாள். வாங்கிப் பார்த்தேன். சிவப்பிலிருந்து பச்சை வரை அகலமாக ஒளி பரவியிருந்தது. நடுவில், மிகப் பிரகாசமாக இருக்க வேண்டிய அந்த ஓர் இடத்தில், யாரோ பேனாவால் கிழித்தது போல் இருள்.

பெட்டியின் மேல் விழுந்த பழியைத் துடைக்க அன்றிரவே சமையலறைக்குப் போனோம். கேஸ் அடுப்பின் நீலச் சுடரில், உப்புத் தண்ணீரில் தோய்த்த கம்பியை நீட்டினால் சுடர் மஞ்சளாக மாறும். ரசம் பொங்கி வழிந்தபோது இதைப் பார்க்காத வீடு இருக்காது. அதே பெட்டி வழியாக அந்தச் சுடரைப் பார்த்தபோது, இருட்டான பின்னணியில் ஒற்றை மஞ்சள் கோடு கூர்மையாக நின்றது. பெட்டியில் குறையில்லை. இரண்டு இடத்திலும் இருப்பது சோடியம்தான். ஓரிடத்தில் அது மஞ்சளைக் கொடுக்கிறது, இன்னோரிடத்தில் அதே மஞ்சளை விழுங்குகிறது. இதற்கு எங்கள் இருவரிடமும் ஒரு விடை இருந்தது, ஆனால் அந்த விடை எனக்குப் போதவில்லை. நெடுநாள் போதாமலேயே இருந்தது.

விடையின் முதல் பாதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். சோடியம் அணுவின் வெளிச்சுற்றில் ஒரே ஓர் எலக்ட்ரான் இருக்கிறது. அது அடுத்த ஆற்றல் மட்டத்துக்கு ஏற 2.1 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். 589 நானோமீட்டர் அலைநீளமுள்ள மஞ்சள் ஒளித்துகள் ஒன்று சரியாக அந்த ஆற்றலைச் சுமந்து வருகிறது. கூடக் குறைய இருந்தால் அணு அதைச் சட்டை செய்வதில்லை. ஏறிய எலக்ட்ரான் அங்கே தங்குவதுமில்லை. சராசரியாக 16 நானோநொடிக்குள், அதாவது ஒரு நொடியை நூறு கோடிக் கூறுகளாகப் பிரித்தால் அதில் 16 கூறுகளுக்குள், அதே மஞ்சள் ஒளியை வெளியே விட்டுவிட்டு இறங்கிவிடுகிறது. அணு அந்த ஆற்றலைச் சேமிப்பதில்லை. வாங்கியதைக் கிட்டத்தட்ட உடனே திருப்பித் தருகிறது என்றால், இடையில் வெளிச்சம் எங்கே குறைந்தது?

வழிகாட்டிப் புத்தகங்கள் இதற்கு ஒற்றை வரியில் பதில் சொல்கின்றன: ஒளி ஒரே திசையிலிருந்து வருகிறது, அணு அதை வாங்கி எல்லாத் திசைகளிலும் வீசுகிறது, எனவே நம்மை நோக்கி வருவது குறைகிறது. தேர்வில் இதற்கு முழு மதிப்பெண் கிடைக்கும். ஒரு மெல்லிய சுடரின் வழியே ஒளிக்கற்றை ஒன்றைச் செலுத்தும் சோதனைக்கு இது பொருந்தவும் செய்யும். ஆனால் விளக்குக் குழாய் அப்படிப்பட்டதன்று. அதன் ஒளிரும் நடுப்பகுதியைச் சுற்றி எல்லாப் பக்கமும் சோடியம் ஆவி சூழ்ந்திருக்கிறது. என்னை நோக்கி வந்த ஒளியை ஓர் அணு வேறு பக்கம் திருப்பிவிட்டால், வேறு பக்கம் போக வேண்டிய ஒளியை இன்னோர் அணு என் பக்கம் திருப்பிவிடும். வரவும் செலவும் சரியாகிவிட வேண்டும். சூரியனுக்கும் இதே கணக்குத்தான், அதுவும் ஒரு கோளம், அதன் வாயு மேலுறையும் எல்லாப் பக்கமும் சூழ்ந்ததுதான். திசை மாற்றம் ஒன்றே காரணம் என்றால் கோடு இவ்வளவு கறுப்பாக விழ நியாயமில்லை.

மின்வெட்டு தந்த பாடம்

இந்தச் சிக்கலுக்கு வழி காட்டியது ஒரு மின்வெட்டு. இவ்வகை விளக்குகள் அணைந்தால் மின்சாரம் வந்தவுடன் எரிவதில்லை. குழாய் கொஞ்சம் ஆறிய பிறகே மறுபடி பற்றும், பற்றிய பிறகும் முழு வெளிச்சத்துக்கு வரச் சில நிமிடங்கள் ஆகும். அப்படி ஓர் இரவில் பெட்டியோடு கம்பத்தின் கீழே நின்றேன். முதலில் மங்கலான வெண்மை. குழாயில் சோடியத்தோடு பாதரசமும் செனான் வாயுவும் இருப்பதால் வரும் தொடக்க ஒளி அது. பிறகு தெருவே அடர் மஞ்சளாக மாறியது. பெட்டிக்குள் அப்போது தெரிந்தது அடுப்படியில் பார்த்த அதே ஒற்றைக் கோடு, பளிச்சென்று. குழாய் சூடாகச் சூடாக உள்ளே சோடியம் மேலும் ஆவியாகி அழுத்தம் ஏற, அந்தக் கோடு இரு பக்கமும் தடித்தது. தடித்துக்கொண்டே வந்த கோட்டின் நடுவில் ஒரு மெல்லிய கறை தோன்றியது. அது அகன்றது. கடைசியில் பிரகாசம் இரண்டு பக்கங்களுக்கும் ஒதுங்கி, நடுவில் இருள் நிலைத்துவிட்டது. தெருவின் நிறமும் அடர் மஞ்சளிலிருந்து பொன்னிறத்துக்கு வந்திருந்தது. ஒரே விளக்கு, ஒரே சோடியம், சில நிமிட இடைவெளியில் பிரகாசமான கோடும் இருண்ட கோடும்.

இடையில் மாறியவை இரண்டு: ஆவியின் அடர்த்தி, வெப்பநிலை அமைந்த விதம். எரியும் குழாயின் மையத்தில் வெப்பநிலை சுமார் 4,000 கெல்வின். சுவரை நெருங்கும்போது அது 1,500 கெல்வின் அளவுக்கு இறங்கிவிடும். நடுவிலும் ஓரத்திலும் இருப்பது சோடியம் ஆவிதான், ஆனால் ஓரத்தில் இருப்பது குளிர்ந்தது. இப்போது கொடைக்கானல் மலைச்சாலையில் மூடுபனிக்குள் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பனி மெல்லியதாக இருந்தால் பள்ளத்தாக்கின் அடிவரை கண் போகும். அடர்ந்தால் எதிரே இருக்கும் மரத்தைத் தாண்டாது. 589 நானோமீட்டரில் சோடியம் ஆவி மிக அடர்ந்த மூடுபனி. அந்த அலைநீளத்தில் பார்க்கும் கண் சுவரோரத்துக் குளிர்ந்த ஆவியைத் தாண்டி உள்ளே போக முடியாது. சற்றே விலகிய அலைநீளங்களில் அதே ஆவி மெல்லிய பனியாகிவிடுகிறது, அங்கே கண் கொதிக்கும் மையம் வரை போகிறது. ஆகவே நடுக்கோட்டில் நான் பார்த்த இருள், குளிர்ந்த சோடியத்தின் மங்கிய சொந்த வெளிச்சம். பக்கத்தில் இருந்தது சூடான சோடியத்தின் பிரகாசம்.

மையத்திலிருந்து கிளம்பிய மஞ்சள் ஒளி என்னவாகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது ஓர் அணுவிலிருந்து இன்னோர் அணுவுக்கு என்று எண்ணற்ற முறை கைமாறுகிறது. அந்தக் கைமாற்றத்தின் நடுவே, 16 நானோநொடி கெடு முடிவதற்குள் கிளர்வுற்ற அணு ஒன்று பக்கத்து அணுவோடு மோதிவிட்டால், அதன் ஆற்றல் ஒளியாகாமல் அந்த மோதலில் அணுக்களின் ஓட்ட வேகமாக மாறிவிடுகிறது, அதாவது வெப்பமாகிறது. மோதலின் தள்ளுமுள்ளில் அலைநீளம் சற்றே விலகிப்போன ஒளிக்கோ வெளியே ஓட வழி கிடைக்கிறது. உள்ளே ஊட்டப்பட்ட ஆற்றலில் ஒரு துளியும் அழியவில்லை. பக்கத்து அலைநீளங்களின் வழியாகவும் குழாய்ச் சுவரின் சூடாகவும் வெளியேறிவிடுகிறது. நான் தேடிக்கொண்டிருந்த வரவு செலவு இங்கேதான் நேராகிறது.

ஹைடல்பர்க்கில் ஒரு சுடர்

இதை 1859-லேயே ஒருவர் தன் ஆய்வுமேசையில் நேருக்கு நேர் பார்த்திருக்கிறார். சூரிய நிறமாலையில் இருண்ட கோடுகள் இருப்பது அப்போது பழைய செய்தி. 1802-ல் வொல்லஸ்டன் சிலவற்றைக் கண்டிருந்தார். பவேரியாவில் கண்ணாடி வில்லைகள் செய்துகொண்டிருந்த பிரான்ஹோபர் 1814 வாக்கில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட கோடுகளை வரைந்து, முக்கியமானவற்றுக்கு எழுத்துகளைப் பெயராகச் சூட்டியிருந்தார். மஞ்சளில் இருந்த இரட்டைக் கோட்டுக்கு டி என்று பெயர். அது உப்புச் சுடரின் மஞ்சளோடு இடத்தால் பொருந்துகிறது என்பதும் தெரிந்திருந்தது. ஏன் ஒன்று இருட்டு, மற்றது வெளிச்சம் என்பதுதான் தெரியவில்லை.

ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் அந்த ஒருவர், இயற்பியலாளர் கிர்க்காஃப், செய்தது எளிய காரியம். சூரிய ஒளி வரும் பாதையில் உப்புச் சுடர் ஒன்றை வைத்தார். சூரிய ஒளியை மங்கலாக்கி அனுப்பியபோது டி கோடு இருந்த இடத்தில் சுடரின் மஞ்சள் பிரகாசமாகத் தெரிந்தது. சூரிய ஒளியின் வலுவைக் கூட்டியபோது, ஏற்கெனவே இருண்டிருந்த டி கோடு முன்னிலும் கறுத்தது. இந்த இரண்டாவது முடிவைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். குறைவாக வெளிச்சம் இருக்கும் இடத்தில் அதே நிற விளக்கை ஏற்றினால் வெளிச்சம் கூட வேண்டும் என்பதுதான் பொதுப்புத்தி. இங்கே குறைந்தது. பிறகு அவர் சூரியனையே விட்டுவிட்டு, சுண்ணாம்புத் துண்டைக் கடுஞ்சுடரில் காய்ச்சும்போது வரும் வெண்ணிற ஒளியை உப்பிட்ட சாராயச் சுடரின் வழியே செலுத்தினார். எந்தக் கோடும் இல்லாத அந்த ஒளியில் டி கோட்டை அறைக்குள்ளேயே உண்டாக்கிக் காட்டினார். சூரியனின் மேலுறையில் சோடியம் இருக்கிறது என்ற முடிவு 1859 அக்டோபரில் பெர்லின் அறிவியல் கழகத்துக்குப் போனது.

அதற்குப் பிறகு அவர் எடுத்து வைத்த வாதம்தான் என் தெருவிளக்குக்கும் விடை. எல்லாப் பக்கமும் ஒரே வெப்பநிலையில் இருக்கும் மூடிய உலை ஒன்றுக்குள் சோடியம் ஆவி இருக்கிறது என்று கொள்வோம். ஆவி மஞ்சள் ஒளியை அதிகமாக வாங்கி, குறைவாகக் கொடுத்தால், அது உலையைவிடச் சூடாகிக்கொண்டே போகும். ஒரே வெப்பநிலையில் இருக்கும் இரண்டு பொருள்களில் ஒன்று தானாகவே மற்றதிலிருந்து சூட்டை உறிஞ்சிச் சூடேறுவது நடக்காத காரியம். ஆகவே எந்த அலைநீளத்தில் ஒரு பொருள் எவ்வளவு நன்றாக வாங்குகிறதோ, அந்த அலைநீளத்தில் அதே அளவுக்கு நன்றாகக் கொடுத்தே ஆக வேண்டும். இதன் விளைவு ஒன்றை நம் பாடப்புத்தகங்கள் சொல்வதில்லை, அது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது: அந்த உலைக்குள் சின்னத் துளையிட்டுப் பார்த்தால் சோடியத்தின் கோடே தெரியாது, இருட்டாகவும் தெரியாது, வெளிச்சமாகவும் தெரியாது. கோடு தெரிய வேண்டுமானால் முன்னால் இருக்கும் ஆவிக்கும் பின்னால் இருக்கும் ஒளிக்கும் வெப்பநிலையில் ஏற்றத்தாழ்வு வேண்டும். உட்கவர் நிறமாலை, வெளிவிடு நிறமாலை என்று இரண்டு தனித்தனிப் பிரிவுகளாகப் பிள்ளைகள் மனப்பாடம் செய்வது ஒரே செயலின் இரண்டு தோற்றங்களைத்தான்.

குண்டூரில் ஆறு நிமிடம்

இதைச் சூரியனிலேயே சோதிக்க ஒரு வழி உண்டு. கோட்டை உண்டாக்கும் வாயுவுக்குப் பின்னால் இருக்கும் பிரகாசமான வட்டை மறைத்துவிட்டால், அதே வாயு தன் சொந்த வெளிச்சத்தில் தெரிய வேண்டும். வட்டை மறைக்கும் வேலையை நிலவு செய்கிறது. 1868 ஆகஸ்ட் 18-ல் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தின் நிழல் தென்னிந்தியாவின் குறுக்கே விழுந்தது. முழு மறைப்பு ஏறக்குறைய ஆறு நிமிடம் நீடித்தது. பிரான்சிலிருந்து வந்த வானியலாளர் ஜான்சன் குண்டூரில் கருவியை நிறுத்தினார், சென்னை வானாய்வகத்தின் போக்சன் மசூலிப்பட்டினத்தில் இருந்தார். நிலவின் விளிம்பைத் தாண்டி எழுந்த சுவாலைகளின் நிறமாலையில் அவர்கள் பார்த்தவை பிரகாசமான கோடுகள். சுவாலைகள் வாயுவால் ஆனவை என்பது உறுதியாயிற்று. கோடுகளின் பிரகாசத்தைப் பார்த்த ஜான்சன், கிரகணமே இல்லாமலும் இவற்றைப் பார்க்கலாம் என்று கணித்து, மறுநாளே குண்டூரில் பார்த்தும்விட்டார். இரண்டு ஆண்டு கழித்து, 1870 டிசம்பர் கிரகணத்தில், ஸ்பெயினிலிருந்து பார்த்த அமெரிக்கர் சார்லஸ் யங் இன்னும் நேரடியான சாட்சியைக் கண்டார். வட்டின் கடைசிக் கீற்று மறைந்த சில நொடிகளுக்கு, சூரிய நிறமாலையின் இருண்ட கோடுகள் அத்தனையும் அந்தந்த இடத்திலேயே பளிச்சென்று ஒளிர்ந்தன.

குண்டூர் கிரகணத்தின் கோடுகளில் ஒன்று மஞ்சளில் இருந்தது. அதைச் சோடியம் என்றே பலரும் எடுத்துக்கொண்டார்கள். அதே 1868 அக்டோபரில் இங்கிலாந்தில் வானியலாளர் லாக்யர் தனியாக அளந்தபோது அது டி கோட்டின் இடத்தில் இல்லை, 587.6 நானோமீட்டரில் சற்றே தள்ளி இருந்தது. அது சோடியமல்ல, வேறொரு புதுப் பொருளின் கோடு. அந்தப் பொருள்தான் ஹீலியம். பூமியில் அதை ராம்சே பிரித்துக் காட்டியது 1895-ல். வாங்குவதும் கொடுப்பதும் ஒன்று என்றால், சூரியனில் இவ்வளவு ஏராளமாக உள்ள ஹீலியம் சாதாரண நாளில் அந்த இடத்தில் ஏன் இருண்ட கோட்டை வரையவில்லை என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அணு தான் நிற்கும் மட்டத்திலிருந்துதான் எதையும் வாங்க முடியும். சோடியம் தன் அடிமட்டத்திலிருந்தே மஞ்சளை வாங்கிவிடுகிறது. ஹீலியம் அந்த மஞ்சளை வாங்க வேண்டுமானால் முதலில் சுமார் 21 எலக்ட்ரான் வோல்ட் உயரத்தில் நின்றிருக்க வேண்டும். சோடியம் ஏறியதைப் போல் பத்து மடங்கு. 5,800 கெல்வினில் இருக்கும், சூரியனின் கண்ணுக்குத் தெரியும் மேற்பரப்பான ஒளிக்கோளத்தில் அவ்வளவு உயரத்தில் நிற்கும் ஹீலியம் அணு அநேகமாக இல்லை. அதற்கு மேலே, அடர்த்தி குறைந்த, சூரியனின் வெளிச் சூழலான கொரோனாவின் புற ஊதாக் கதிர்கள் வந்து தாக்கும் அடுக்கில்தான் உண்டு.

எந்த வெப்பநிலையில் எத்தனை அணுக்கள் எந்த நிலையில் நிற்கும் என்ற கணக்கை 1920-ல் நம் நாட்டு இயற்பியலாளர் மேகநாத் சாகா போட்டுக் கொடுத்தார். அதன் பிறகுதான் நிறமாலையைப் பார்த்துப் பொருளின் அளவைச் சொல்ல முடிந்தது. சூரிய நிறமாலையில் மிகத் தடித்த இருண்ட கோடுகள் ஓர் எலக்ட்ரானை இழந்த கால்சியத்தினுடையவை. சூரியனில் பத்து லட்சம் ஹைட்ரஜன் அணுக்களுக்குக் கால்சியம் இரண்டே இரண்டுதான். கோட்டின் தடிப்பை மட்டும் நம்பினால் சூரியன் கால்சியத்தால் ஆனது என்றே நினைக்கத் தோன்றும். கால்சியம் அயனி அடிமட்டத்திலிருந்தே 393 நானோமீட்டர் ஊதா ஒளியை வாங்குகிறது. ஹைட்ரஜன் கண்ணுக்குத் தெரியும் ஒளியை வாங்க முதலில் 10 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் ஏறியிருக்க வேண்டும். சாகாவின் சமன்பாட்டைக் கொண்டு 1925-ல் வானியலாளர் சிசிலியா பெய்ன் போட்ட கணக்கில் ஹைட்ரஜனின் உண்மையான அளவு வெளிவந்தது.

இருட்டுக்குள் எடுத்த படம்

அந்தக் கால்சியக் கோட்டை வைத்துக் கொடைக்கானலில் செய்த வேலை, இருண்ட கோடு வெற்றிடமல்ல என்பதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த சான்று. சென்னையிலிருந்து மலைக்குப் போய் 1899-ல் நிலைகொண்ட அந்த ஆய்வகம், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து நூறாண்டு காலம், வானம் தெளிந்த நாளில் எல்லாம், 393 நானோமீட்டர் கோட்டுக்குள் விழும் ஒளியை மட்டும் பிரித்து எடுத்துச் சூரியனைப் படம் பிடித்தது. பக்கத்து ஒளியோடு ஒப்பிட்டால் அந்தக் கோட்டின் அடியில் பத்தில் ஒரு பங்குகூட வெளிச்சம் கிடையாது. அந்த மிச்ச வெளிச்சம் ஒளிக்கோளத்துக்கு மேலே உள்ள நிறக்கோளத்திலிருந்து வருவது, ஏனெனில் அந்த அலைநீளத்தில் நம் பார்வை அதற்குக் கீழே இறங்க முடியாது. சாதாரண வெள்ளொளிப் படத்தில் வழவழப்பான வட்டும் சில கரும்புள்ளிகளும் தெரியும். கால்சியப் படத்தில் அதே நாளின் சூரியன் முழுக்க வலைப்பின்னலாகத் தெரிகிறது, புள்ளிகளைச் சுற்றி வெண்மையான திட்டுகள் பரவிக் கிடக்கின்றன. அந்தத் திட்டுகள் காந்தப்புலம் வலுத்த இடங்கள் என்பதால், காந்தப்புலத்தை அளக்கும் கருவிகள் வருவதற்கு முந்தைய ஆண்டுகளின் சூரியக் காந்தத்தைப் பற்றி இன்று ஆராய்கிறவர்களும் அந்தப் படத் தகடுகளைத்தான் தேடிப் போகிறார்கள்.

என் தெருவிளக்குக்கும் சூரியனுக்கும் ஒப்புமை ஓரளவுக்குத்தான். விளக்குக் குழாயில் மையத்திலிருந்து சுவர் வரை வெப்பநிலை இறங்கிக்கொண்டே போகிறது. சூரியனில் ஒளிக்கோளத்துக்குச் சுமார் 500 கிலோமீட்டர் மேலே 4,400 கெல்வின் அளவுக்கு இறங்கிய பிறகு வெப்பநிலை திரும்ப ஏறத் தொடங்குகிறது. நிறக்கோளத்தில் பத்தாயிரத்தைத் தாண்டி, கொரோனாவில் பத்து லட்சத்துக்கும் மேலே போய்விடுகிறது. ஆகவே மிக அடர்ந்த மூடுபனியாக நடந்துகொள்ளும் ஒரு கோட்டில், இருட்டின் நட்டநடுவே மறுபடி வெளிச்சம் தலைகாட்ட வேண்டும். கால்சியத்தில் அது இலேசாகத் தெரிகிறது. 280 நானோமீட்டரில் உள்ள மக்னீசியம் அயனியின் இரட்டைக் கோடுகளில், அகன்ற இருட்டின் நடுவே பிரகாசமான முனைகள் தெளிவாக எழுந்து நிற்கின்றன. அந்த உயரத்தில் சூட்டை ஏற்றுவது எது, அதில் காந்த அலைகளுக்கு எவ்வளவு பங்கு, சிறு சிறு வெடிப்புகளுக்கு எவ்வளவு பங்கு என்பது இன்னும் தீராத விவாதம்.

மக்னீசியக் கோடுகளைக் கொடைக்கானலிலிருந்து பார்க்க வழியில்லை. நம் தலைக்கு மேலுள்ள ஓசோன் 280 நானோமீட்டர் ஒளியைத் தரைக்கு விடுவதில்லை. 2023 செப்டம்பர் 2-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ஆதித்யா-எல்1 விண்கலம் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. அதில் உள்ள புற ஊதாத் தொலைநோக்கி, அந்த இரண்டு கோடுகளுக்கும் தனித்தனி வடிகட்டி வைத்துச் சூரியனின் முழு வட்டையும் படம் எடுத்துக்கொண்டிருக்கிறது.